தண்ணீருக்கு முன் காற்று

என் கம்ப்யூட்டரைத் திரவத்தால் குளிர்விக்கக் குழாய்களை மாட்டி முடித்ததும், திரவத்தை ஊற்ற எனக்குத் துணிவு வரவில்லை. அழுத்தமானி உள்ள கைப்பம்பை ரிசர்வாயரில் (திரவத் தொட்டியில்) பொருத்தி, 0.5 பார் வரை காற்று ஏற்றினேன். அதற்கு மேல் ஏற்றினால் அக்ரிலிக் பாகங்கள் விரிசல் விடக்கூடும். 15 நிமிடத்தில் முள் நன்றாக இறங்கிவிட்டது. எங்கோ கசிவு.

காற்றை வெளியேற்றிவிட்டு, குழாய்களை இணைக்கும் ஃபிட்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் மேலே இருந்த ஒன்றில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பள்ளத்தை விட்டு விலகி நசுங்கியிருந்தது. நல்லவேளை, அந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை! புது ஓ-ரிங் போட்டு, கையாலேயே இறுக்கினேன். ஸ்பானர் போட்டால் மறுபடி நசுங்கும். இந்த முறை அரை மணி நேரமும் முள் அசையவில்லை.

அப்புறம்தான் திரவம். அதற்கு முன் மதர்போர்டின் 24 பின் கேபிள், பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு கேபிள்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். மின்சாரம், திரவத்தைச் சுற்றவிடும் பம்புக்கு மட்டும். மெயின் சுவிட்சை அணைத்த நிலையில் 24 பின் முனையில் ஜம்பர் பிளக் செருகி, பிறகு சுவிட்சைப் போட்டால், மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளை இயங்கும். ரிசர்வாயர் காலியாகும்போதெல்லாம் நிறுத்தி நிரப்பினேன். வறண்டு ஓடினால் பம்ப் கெட்டுவிடும். கேபினெட்டை மெல்லச் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றினேன். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ காகிதம் வைத்து இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் ஒன்றில்கூட ஈரமில்லை.