பவர் கண்ணாடியோடு பனிக்கால சைக்கிள்: கண்ணைக் காக்கப் போய்ப் பார்வையை மறைக்கும் தவறுகள்

டொரொண்டோவில் டிசம்பர் நடுவில் காலை ஏழே முக்காலுக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஸ்கார்பரோவிலிருந்தோ நகரின் மையத்திலோ சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர் பல நாள் இரண்டு வேளையும் அரை இருட்டில்தான் ஓட்டுவார். தெருவில் உப்புத் தண்ணீர் தெறிக்கும், எதிரே கார் விளக்குகள் கூசும். குளிர்தான் கண்ணுக்குப் பகை என்று முகத்தை இறுக்கி மூடிக்கொள்வதில்தான் பவர் கண்ணாடிக்காரர்களின் பாதித் தொல்லை தொடங்குகிறது. காற்று போக வழியில்லாமல் மூடினால் லென்ஸில் ஆவி படியும். ஆவி படிந்தால் முன்னால் கிடப்பது ஐஸா வெறும் ஈரமா என்று தெரியாது. முதலில் காற்றோட்டம், அதன் பிறகு மூடுவது: இந்த வரிசை மாறுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

குளிர்க் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. காற்றே வீசாத மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், அந்த வேகமே முகத்தில் காற்றாக அடிக்கும். கனடாவின் காற்றுக்குளிர்க் குறியீட்டில் அது ஏறத்தாழ மைனஸ் 18. வானிலைச் செய்தியில் சொல்லும் காற்றுக்குளிர் எண்ணில் உங்கள் சைக்கிள் வேகம் சேராது. ஆனால் இந்தக் குறியீடு தோலுக்கானது. லென்ஸ் எவ்வளவு காற்றடித்தாலும் மைனஸ் 10க்குக் கீழே போகாது; அந்த நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும், அவ்வளவுதான். உடைக்குக் காற்றுக்குளிரைப் பாருங்கள், லென்ஸுக்கு வெறும் வெப்பநிலையைப் பாருங்கள்.

மூக்கோடு சேர்த்து மூடுவது

வெளிவிடும் மூச்சு 34 டிகிரிக்கு அருகில், நீராவி நிறைந்து வருகிறது. அது மைனஸ் 10 டிகிரி லென்ஸில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பஃப் (கழுத்தில் போடும் குழாய்த் துணி), மஃப்ளர், பலாக்லாவா (தலை, முகம், கழுத்தை மூடும் குல்லா) எதுவானாலும் மூக்குக்கு மேலே இழுத்துவிட்டால், முதலில் துணி நனையும். நனைந்த துணி வழியாக மூச்சு எளிதில் போகாது. மூக்கின் இரு பக்கமும் உள்ள பள்ளம் வழியாக அது நேரே மேலேறிக் கண்ணாடிக்குப் போகும். ஓடும்போது எதிர்க்காற்று இதை அடித்துக்கொண்டு போய்விடுவதால் பிரச்சினை தெரியாது. சிவப்பு விளக்கில் நின்றதும் இரண்டே மூச்சில் லென்ஸ் வெளுத்துவிடும். பச்சை விழுந்து மற்றவர்கள் நகரும் நேரத்தில் உங்களுக்குத் தெரு தெரியாது.

மைனஸ் 10 வரை மூக்கை வெளியே விட்டுவிடுவதே நல்லது. கன்னம், தாடை, காது மூடியிருந்தால் போதும். அதற்குக் கீழே போனால், அல்லது காற்றுக்குளிர் மைனஸ் 28ஐத் தொட்டால், மூக்கை மூடத்தான் வேண்டும்; மைனஸ் 28 காற்றுக்குளிரில் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். அப்போது வாய்ப் பகுதியில் துளைகளோ, தனியாகத் திறந்து மூடும் மடிப்போ உள்ள பலாக்லாவாவை எடுங்கள். மேல் விளிம்பில் கம்பி இல்லையென்றால், பழைய மெடிக்கல் மாஸ்க்கில் இருக்கும் மூக்குக் கம்பியை உருவி உள்பக்கம் வைத்துத் தைத்துவிடலாம். கம்பியை மூக்கின் வளைவுக்கு அழுத்திவிட்டு, கண்ணாடியின் மூக்குத் தாங்கிகள் துணியின் விளிம்பின் மேல் உட்காரும்படி அணியுங்கள். துணி கண்ணாடிக்கு மேலே போகக் கூடாது, விளிம்பு தளர்ந்தும் இருக்கக் கூடாது.

மூச்சு விடுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். மூக்கால் இழுத்து, மேலுதட்டைச் சற்று முன்னே நீட்டி வாயால் கீழ்நோக்கி ஊதுங்கள். விளக்கில் நிற்கும்போது கண்ணாடியை மூக்கில் ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கினால், புருவத்துக்குப் பக்கத்தில் இடைவெளி விழுந்து சூடான காற்று வெளியேறும். நகரும் முன் மேலே ஏற்றிவிடுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு காரியம், கடையில் விற்கும் பாதி ஸ்ப்ரேக்களை விட நன்றாக வேலை செய்யும்.

இன்னொரு ஆவி மூலத்தைப் பலர் கவனிப்பதில்லை: உடம்பு வியர்வை. ஜாக்கெட்டின் கழுத்து ஜிப்பைத் தாடை வரை இழுத்துவிட்டு மேட்டில் மிதித்தால், உள்ளே சேரும் சூடும் ஈரமும் காலர் வழியாக நேரே முகத்துக்குத்தான் வரும். புறப்பட்ட முதல் ஐந்து பத்து நிமிடம் லேசாகக் குளிரவேண்டும். குளிரவில்லை என்றால் உடை அதிகம். மேடு வருவதற்கு முன்பே ஜிப்பை நாலு விரல் இறக்குங்கள், வியர்த்த பிறகு அல்ல.

முதல் பனிக்கே ஸ்கீ காகிள்ஸ்

பூஜ்ஜியத்துக்கும் மைனஸ் 10க்கும் இடையில் காகிள்ஸ் (பனிச்சறுக்குக்காரர்கள் போடும், முகத்தோடு ஒட்டிய கண்கவசம்) தேவையில்லை. ஸ்கீ காகிள்ஸின் காற்றுத் துளைகள் மலைச்சரிவில் வேகமாக இறங்குகிறவருக்காக வைத்தவை. போக்குவரத்தில் நின்று நின்று போகிறவருக்கு உள்ளே போதிய காற்று ஓடாது; கண்ணும் அதைச் சுற்றியுள்ள தோலும் விடும் ஈரத்தில் உள்ளிருக்கும் பவர் கண்ணாடி மங்கும். காகிள்ஸைக் கழற்றாமல் அதைத் தொடவும் முடியாது. இந்த வெப்பநிலைக்கு, கட்டடப் பொருள் கடைகளில் கிடைக்கும், பவர் கண்ணாடிக்கு மேல் அணியும் நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி போதும். இசட்87 அல்லது சிஎஸ்ஏ இசட்94.3 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கீழேயும் பக்கவாட்டிலும் சிறிது திறந்திருப்பது குறையல்ல, காற்று அந்த வழியாகத்தான் போகிறது. கண்ணுக்கு முன் இறங்கும் நிறமற்ற தகடு (வைசர்) வைத்த சைக்கிள் ஹெல்மெட்டும் இதே வேலையைச் செய்யும். வைசர் இருக்கிறதே என்று ஸ்கீ ஹெல்மெட்டை எடுத்துவிட வேண்டாம். ஐரோப்பியத் தரத்தில் ஸ்கீக்கு இஎன் 1077, சைக்கிளுக்கு இஎன் 1078. கனடா, அமெரிக்கக் கடைகளில் சைக்கிளுக்கான சிபிஎஸ்சி முத்திரை உள்ளே ஒட்டியிருக்கும். இரண்டு தரமும் பெற்ற ஹெல்மெட்டுகள் உண்டு, தேடி வாங்குங்கள்.

மைனஸ் 15க்குக் கீழே காகிள்ஸ் தன் விலைக்கு உழைக்கும். வாங்கப் போகும்போது பவர் கண்ணாடியும் சைக்கிள் ஹெல்மெட்டும் தலையில் இருக்கட்டும். கண்ணாடிக்கு மேல் அணிவதற்கென்றே செய்த வகையில், பக்கவாட்டு ஃபோமில் காதுக்கம்பி நுழைய வெட்டு இருக்கும். அந்த வெட்டு இல்லையென்றால் ஃபோம் கம்பியை அழுத்தும், அரை மணியில் பொட்டில் வலி கிளம்பும். இரட்டை லென்ஸ் உள்ளதாகவே எடுங்கள். நடுவில் அடைபட்ட காற்று உள்லென்ஸை வெளிக் குளிரிலிருந்து பிரித்து வைக்கிறது. அணிந்ததும் புருவத்தைத் தூக்கி, சிரித்துப் பாருங்கள்: பவர் கண்ணாடியின் லென்ஸ் காகிள்ஸில் உரசினால் ஒரே மாதத்தில் இரண்டின் நடுவிலும் கீறல் விழும். கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் பாருங்கள். தடித்த சட்டம் பின்னால் வரும் காரை மறைத்தால் அந்தக் காகிள்ஸ் தெருவுக்கு ஆகாது.

வாங்கிய பிறகு நடக்கும் தவறுகள் வேறு. நிற்கும் நேரமெல்லாம் காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றினால் தலைச்சூடும் வியர்வையும் அதற்குள் நிறையும். கழுத்துக்கு இறக்கினாலோ மூச்சு நிறையும். கழற்றியே ஆகவேண்டும் என்றால் ஹெல்மெட்டின் மேலே, வெளிக்காற்றில் ஏற்றி வையுங்கள். உள்லென்ஸின் ஆவி எதிர்ப்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போது மிக மென்மையானது. துடைத்தால் உரிந்துவிடும். உதறிவிட்டு வீட்டில் தானாக உலரவிடுங்கள்.

ஆவி எதிர்ப்பு மருந்தை நம்பியே கிளம்புவது

இந்த ஸ்ப்ரேக்களும் ஜெல்களும் ஆவியைத் தடுப்பதில்லை. சின்னச் சின்னத் துளிகளாகத் திரளும் நீரை மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகின்றன, அதனால் பார்வை மங்குவதில்லை. ஆனால் அந்தப் படலமும் நீர்தான். மைனஸ் 10க்குக் கீழே அது உறைந்து பூப்போட்ட ஜன்னலாகிவிடும். அந்தக் குளிரில் மூச்சின் பாதையை மாற்றாமல் எந்த மருந்தும் உதவாது. பூஜ்ஜியத்தைச் சுற்றிய நாட்களில் நன்றாக வேலை செய்யும். லென்ஸில் எதிரொளி தடுக்கும் பூச்சு இருந்தால், அதற்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் மருந்தாகப் பாருங்கள். அவசரத்துக்கு, மணமோ ஈரப்பதமூட்டியோ கலக்காத பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியை ஈர விரலால் பரப்பி, மென்துணியால் மினுக்கம் வரும் வரை துடைத்தெடுக்கலாம். பற்பசை வேண்டவே வேண்டாம்; அதில் இருப்பது தேய்க்கும் தூள்.

கையுறையால் துடைப்பது, சூட்டில் காட்டுவது

குளிர்காலக் கையுறையின் கட்டைவிரலில் மெத்தென்ற துணி வைத்திருப்பது மூக்கைத் துடைக்க. அதில் காய்ந்த உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். பாலிகார்பனேட் லென்ஸ் அடிபட்டால் எளிதில் உடையாது, ஆனால் கீறல் சீக்கிரம் விழும். கீறல் விழுந்த லென்ஸில் இரவில் ஒவ்வொரு கார் விளக்கும் நட்சத்திரமாகச் சிதறும். முதலில் நீரை ஊற்றி உப்பைக் கரையவிட்டு, பிறகு துடைக்க வேண்டும். வழியில் நீர் இல்லையென்றால் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தியெடுங்கள், தேய்க்காதீர்கள். அந்தத் துணி ஜிப் பையில், ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கட்டும். வெளிப்பையில் வைத்த ஈரத்துணி கல்லாகிவிடும். லென்ஸில் உறைந்த ஆவியைச் சுரண்டுவதும் வேண்டாம். ஓரமாக நின்று கழற்றி ஜாக்கெட்டுக்குள் இரண்டு நிமிடம் வைத்திருந்தால் இளகும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடி வெளுப்பதற்கு மருந்தில்லை. 20 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 6 டிகிரிக்குக் கீழிருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். உங்கள் லென்ஸோ அதற்கும் எவ்வளவோ கீழே இருக்கிறது. வாசலிலேயே கழற்றிப் பெட்டியில் மூடி வைத்து, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஹீட்டர் மேல் வைப்பதும், வெந்நீரில் காட்டுவதும், ஹேர் டிரையர் பிடிப்பதும்தான் கண்ணாடியைக் கெடுக்கும். பிளாஸ்டிக் லென்ஸும் அதன் மேலுள்ள பூச்சும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் விழும். அது திரும்பச் சரியாகாது.

நிறம் மாறும் லென்ஸ்

வெயிலில் கறுத்து நிழலில் தெளியும் லென்ஸ்கள் குளிரில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: அதிகமாகக் கறுக்கும், மெதுவாகத் தெளியும். பிப்ரவரி மதிய வெயிலில் ஓட்டிவிட்டு ரயில் பாலத்துக்குக் கீழே நுழைந்தால், ஐஸ் மறைந்திருக்கும் அந்த இடத்தில்தான் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காகிள்ஸிலும் இதே கவனம் வேண்டும். எஸ்3 என்று போட்டது 8 முதல் 18 சதவீத ஒளியைத்தான் உள்ளே விடும். இருட்டில் போகிறவருக்கு 80 சதவீதத்துக்கு மேல் விடும் எஸ்0 வேண்டும். போலரைஸ்டு லென்ஸ் கண்கூச்சத்தோடு ஐஸின் பளபளப்பையும் மறைக்கக்கூடியது, பனிக்காலத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்காகப் பகல் வெயிலை அலட்சியம் செய்யவும் முடியாது. புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். நிறமற்ற பாலிகார்பனேட்டே அதைத் தடுத்துவிடும், கறுப்பு வேண்டியதில்லை. பக்கவாட்டு இடைவெளிதான் அந்தக் கதிர் நுழையும் ஓட்டை.

பிரேமும் தொப்பியும்

உலோகக் காதுக்கம்பி குளிரை நேரே பொட்டுக்கும் காதுக்கும் கடத்தும். ஓட்டை போட்டுத் திருகிய, விளிம்பில்லாத பிரேம்களில் லென்ஸ் ஓட்டையருகே வெடிக்கலாம். டிஆர்90 போன்ற நைலான் பிரேம் குளிரிலும் வளையும். புதிதாக வாங்குவதானால் நேரான காதுக்கம்பியோடு அதைக் கேளுங்கள். ஹெல்மெட்டுக்குள் போடும் தொப்பி மெல்லியதாக இருக்க வேண்டும். கம்பியைத் தொப்பிக்கு மேலே விட்டால் கழற்றுவது எளிது, ஆனால் கண்ணாடி நழுவும். உள்ளே விட்டால் அசையாது, கழற்ற ஹெல்மெட்டையே எடுக்க வேண்டும். அடிக்கடி மங்குகிறவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, கம்பிகளைப் பின்னால் ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளலாம். பலாக்லாவா, கண்ணாடி, ஹெல்மெட், கடைசியில் காகிள்ஸ்: இந்த வரிசையில் அணிந்தால் எதையும் இரண்டு தடவை கழற்ற வேண்டியிராது.

கான்டாக்ட் லென்ஸ், கண்ணீர், வலி

குளிரில் கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. காய்ந்துபோவதுதான் உண்மையான தொல்லை. தினம் மாற்றும் வகையைப் போட்டு மேலே நிறமற்ற, முகத்தோடு வளைந்த கண்ணாடி அணிந்தால் இதுவரை சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. வெறும் கண்ணோடு கிளம்புவதுதான் தவறு. உலர்ந்த லென்ஸை வழியில் விரலால் பிடுங்காதீர்கள். உள்ளே போய், கையைக் கழுவி, சொட்டு மருந்து விட்டு எடுங்கள்.

குளிர்காற்றில் கண்ணீர் வழிவது இயல்பு. கருவிழியின் குளிருணர்வு நரம்புகள் அதைத் தூண்டுகின்றன. இமை மயிர்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல், கையுறையைக் கழற்றிச் சூடான உள்ளங்கையைக் கண்மேல் குவித்து வைத்தால் அரை நிமிடத்தில் விடும். கடுங்குளிரில் கண்ணை வலிந்து திறந்தபடி வேகமாக ஓட்டினால் கருவிழியின் மேற்பரப்பே உறையக்கூடும். அரிதுதான், ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்: குத்தும் வலி, மங்கல், வெளிச்சத்தில் கூச்சம். உடனே உள்ளே போய்க் கண்ணை மூடி, கையின் சூட்டை மட்டும் கொடுங்கள். கசக்க வேண்டாம், சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம். பனி வெயிலால் வரும் அழற்சி இதைப் போலவே இருக்கும், ஆனால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் அன்று மாலை, மணல் விழுந்ததுபோல் தொடங்கும். எதுவானாலும் உள்ளே வந்து ஒரு மணி நேரத்தில் பார்வை தெளியவில்லை என்றால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே சைக்கிளில் போக வேண்டாம்.