மாளிகைக்குப் பணம் கட்டி லாயத்தில் படுத்த கதை: இங்கிலாந்தின் பழைய மேனர் ஓட்டல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேனர் என்பது நிலக்கிழார்கள் வாழ்ந்த பழைய கிராமத்து மாளிகை. அவற்றில் பல இன்று ஓட்டல்கள். அப்படி ஒன்றில், படத்தைப் பார்த்து அறை பதிவு செய்ததுதான் நாங்கள் செய்த முதல் தவறு. படத்தில் தேன் நிறக் கல்லில் கட்டிய மாளிகை, சுவர் முழுக்கக் கொடி, உயரமான புகைபோக்கிகள். போய்ச் சேர்ந்ததும் வரவேற்பில் இருந்த பெண் சாவியைக் கொடுத்துவிட்டு, முற்றத்துக்கு எதிரே இருந்த நீளமான கட்டடத்தைக் கை காட்டினார். ஒரு காலத்தில் குதிரைகள் நின்ற இடம் அது. அறையில் ஒரு குறையும் இல்லை. மாளிகை மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. 'ஸ்டேபிள்' (லாயம்), 'கோச் ஹவுஸ்' (வண்டிக் கொட்டகை), 'கோர்ட்யார்ட்' (முற்றம்) என்று அறையின் பெயரிலேயே எழுதியிருந்தது. படிக்காதது எங்கள் குற்றம். பழைய வீட்டுக்குள்ளேயே தூங்க ஆசை இருந்தால் 'மெயின் ஹவுஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூடும். ஆனால் முழங்கால் வலி உள்ள பெற்றோருடன் போகிறவர்களுக்கு நான் லாயத்தைத்தான் சொல்வேன். தரைத்தள அறை அங்கேதான் சுலபமாகக் கிடைக்கும்.

மாளிகையில் லிப்ட் இருக்கும் என்று நம்பிப் போவது அடுத்த தவறு. இந்த வீடுகளில் பெரும்பாலானவை அரசு பாதுகாக்கும் கட்டடங்களின் பட்டியலில் உள்ளவை. இங்கிலாந்தில் அந்தப் பட்டியலுக்கு மூன்று தரங்கள் உண்டு. உச்சியில் உள்ள முதல் தரத்தில் வருபவை மொத்தத்தில் சுமார் 2.5 சதவீதம்தான். பட்டியலில் ஏறிவிட்ட கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், உள்ளே என்றாலும் வெளியே என்றாலும், தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்ற வழக்கு. ஆகவே உரிமையாளரே நினைத்தாலும், அனுமதி கிடைக்காமல் சுவரை உடைத்து லிப்ட் வைக்கவோ, பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடவோ முடியாது. 28 கிலோ பெட்டியை லண்டனிலேயே விட்டுவிட்டு, இரண்டு நாள் துணியோடு போவது புத்திசாலித்தனம்.

ஏசியும் அப்படித்தான். பல வீடுகளில் கிடையாது. 2022 ஜூலையில் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவான நாடு அது. கோடையில் மாடி அறை வேகும். மேலே தூக்கித் திறக்கும் அந்த ஜன்னல்கள், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எடைக்கட்டிகளின் தயவில் கயிற்றில் ஏறி இறங்குபவை. இறுகியிருந்தால் பலம் காட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் குளியலறை. அங்கே தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. சாய்வும் கிடையாது. சில வீடுகளில் மரப்பலகைத் தரை, அதன் மேல் ஒரு சின்னக் கம்பளம். தொட்டிக்கு வெளியே நின்று ஒரு குவளை தண்ணீரை ஊற்றிக்கொண்டால், அது பலகை இடுக்கு வழியாகக் கீழே இருக்கும் சாப்பாட்டு அறையின் சுண்ணாம்பு வேலைப்பாட்டுக் கூரையைத்தான் போய்ச் சேரும். இருநூறு ஆண்டு தாங்கிய பூவேலைப்பாட்டில் பழுப்புக் கறை படிய ஒரு குளியல் போதும். தொட்டிக்குள்ளேயே நில்லுங்கள், திரைச்சீலையின் அடி ஓரத்தைத் தொட்டிக்கு உள்பக்கம் விடுங்கள். அறையில் குட்டி ரைஸ் குக்கர் வைத்துச் சோறு வடிப்பதையும் விட்டுவிடுங்கள். வெளியே கல் என்றாலும் உள்ளே மரம் நிறைந்த பழைய வீடு. ஆவியையே புகை என்று எடுத்துக்கொண்டு அலாரம் அலறினால், அத்தனை விருந்தினரும் இரவு உடையில் புல்வெளியில் நிற்க வேண்டியதுதான்.

சாப்பாட்டை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. 'வெஜிடேரியன்' என்றால் அங்கே முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்றால் அதைத் தனியாக, பதிவு செய்யும்போதே எழுதுங்கள். புட்டிங் என்ற பெயரைக் கேட்டு இனிப்பு என்று கை நீட்டாதீர்கள்: காலை உணவுத் தட்டில் கறுப்பாக வரும் பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்தது. யார்க்‌ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டத்தை மாட்டுக் கொழுப்பில் சுடுவது வழக்கம். சுவைக்காகச் சேர்க்கும் உஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்கிறது. இரவு பசித்தால் வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவும் கூடாது. கிராமத்து பப்பில் ஒன்பது மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். ஞாயிறு மாலை பல இடங்களில் ஏற்றவே மாட்டார்கள்.

போகும் வழியில் இரண்டே விஷயம். ஸ்டேஷனில் இறங்கினால் வாசலில் டாக்ஸி நிற்காது. முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். காரில் போனால், நாட்டுப்புறத்தில் ஒரே போஸ்ட்கோடு பல வயல்களுக்குப் பொதுவாக இருக்கும் என்பதால், வழிகாட்டும் செயலி யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தும். ஓட்டல் எழுதித் தந்த வழிக்குறிப்பையே நம்புங்கள்.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் தவறு வேறு: இருட்டியபின் போய்ச் சேர்ந்து, காலை உணவு முடிந்ததும் கிளம்பிவிடுவது. ஊர் சுற்றிவிட்டு இரவுத் தூக்கத்துக்கு மட்டும் வருவதென்றால் நெடுஞ்சாலை ஓரத்து விடுதி போதுமே. பக்கிங்ஹாம்ஷயரில் அய்ல்ஸ்பரி அருகே இருக்கும் ஹார்ட்வெல் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை இழந்த பிரெஞ்சு அரசர் பதினெட்டாம் லூயி 1809 முதல் 1814 வரை தன் பரிவாரத்தோடு குடியிருந்த வீடு அது. அவருடைய மனைவி 1810இல் அங்கேதான் இறந்தார். நெப்போலியன் வீழ்ந்தபின் அரியணை ஏற்பதற்கான பத்திரத்தில் லூயி கையெழுத்திட்ட நூலகம் இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்பதற்குத்தான் நாம் கொடுக்கும் பணம். பெரும்பாலும் அறை மாலை மூன்று மணிக்குத்தான் தயாராகும். ஆனாலும் முன்பே போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தில் நடக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பயண மாதத்தை இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாளிகையிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையே இல்லாமல் போய், ஆடுகள் மேயும் வயலோடு கலப்பது போலத் தெரியும். வேலி கண்ணில் படாது. ஆடு மட்டும் ஏன் தோட்டத்துக்குள் வரவில்லை? நடுவே ஒரு பள்ளம் வெட்டி, வீட்டுப் பக்கம் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருப்பார்கள். வீட்டிலிருந்து பார்க்கிறவருக்குச் சுவர் தெரியக் கூடாது என்பதே பதினெட்டாம் நூற்றாண்டுத் தோட்டக் கலைஞர்களின் தந்திரம். அதற்குப் பெயர் 'ஹா-ஹா'. எங்கள் பையன் ஆட்டைப் பார்த்த உற்சாகத்தில் ஓடினான். விளிம்புக்கு நான்கடி முன்னால் தோட்டக்காரர் ஒருவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.