எல்லையோரப் பிள்ளைகளின் கற்றல் குறைபாடு: எங்கே தவறு செய்கிறோம்?

கேரள-தமிழக எல்லையில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் மலையாளம், இங்கிலீஷ் இரண்டும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை வாசிக்கத் திணறினால், "மூணு பாஷை, குழம்புது, போகப் போகச் சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். இதற்கு நேரெதிர்த் தவறும் நடக்கிறது. மலையாளத்தில் மட்டும் வாசிக்கச் சொல்லிப் பார்த்து, டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பு, எழுத்தில் வரும் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழில் 'ப' ஒன்றுதான். மலையாளத்தில் அந்த இடத்தில் pa, pha, ba, bha என்று நான்கு எழுத்துகள். தமிழ்ப் பிள்ளை 'பாலம்' (paalam), 'பாலன்' (baalan) இரண்டையும் மலையாளத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினால் அது குறைபாடு அல்ல, தமிழ்ப் பழக்கம்.

உண்மையான குறைபாடு நன்றாகப் பழகிய தமிழிலும் தெரியும். நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டியே வாசிப்பது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது, 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்தால் என்ன மிச்சம் என்று வாயால் கேட்டாலும் தடுமாறுவது. அதனால் சோதனையைத் தமிழிலும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்பே கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட வேண்டும்.

அடுத்தது, நான் பார்த்ததில் பெரிய தவறு: கல்வி சிகிச்சையை, அதாவது குறைபாட்டைச் சமாளிக்கத் தரும் தனிப் பயிற்சியை, டியூஷனாக்குவது. டியூஷனில் நாளைக்கான வீட்டுப்பாடம் முடியும். கல்வி சிகிச்சையோ பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு அளவில்தான் வாசிக்கிறது என்றால் அங்கிருந்துதான். ஒலி, அதற்கான எழுத்து, பிறகு சிறு சொல் என்று ஒவ்வொரு படியும் தடுமாறாமல் வரும்வரை பழக்குவார்கள். தப்பான சொல்லை ஐம்பது தடவை எழுதச் சொல்லும் இம்போசிஷன் இதில் எதையும் செய்யாது. அரிசித் தட்டில் விரலால் எழுத வைப்பது இப்போது ரொம்பப் பிரபலம்; ஒலியை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதினால் கை மட்டும்தான் பழகும்.

வாரம் ஒருநாள் பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ பஸ் ஏறிப் போய்வந்து, மற்ற நாளெல்லாம் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் பலன் குறைவு. தினம் இருபது நிமிடம் வீட்டில் நடக்க வேண்டும். ஞாபகசக்தி டானிக்குக்குச் செலவழிக்காதீர்கள்; டிஸ்லெக்சியாவுக்கு மருந்து கிடையாது. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாட்டி சொல்லும் தமிழ்க் கதையில் சேரும் சொல்வளம் மலையாள வாசிப்புக்கும் உதவும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள். அதுவரை உதவியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பி.ஆர்.சி.யின் (வட்டார வள மையத்தின்) சிறப்பு ஆசிரியர் பற்றித் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்கலாம். பத்தாம் வகுப்பில் போய்ச் சான்றிதழுக்கு ஓடுவது தாமதம். தேர்வெழுத உதவியாளர் கிடைத்தாலும், விடையைக் கோர்வையாகச் சொல்லி எழுத வைப்பது தனிப் பயிற்சி. அதை ஒன்பதாம் வகுப்பின் பரீட்சைகளிலேயே பழக்கிவிடுங்கள்.