சின்ன டிரெய்லருக்கு ஆனிங் மாட்டும்போது எல்லோரும் சறுக்கும் இடங்கள்

ஆனிங் என்பது, காரின் பின்னால் இழுத்துப்போகும் முகாம் டிரெய்லரின் பக்கத்தில் மாட்டி, நிழலுக்காக விரிக்கும் துணிக்கூரை. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு நிழல் விழும்?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. திடீரென்று காற்று கிளம்பினால், ஒற்றை ஆளாக இதை எத்தனை நிமிடத்தில் சுருட்ட முடியும்? சுருட்டுவதற்குள் அது பிய்த்துக்கொண்டு கிளம்பினால், டிரெய்லரில் எதையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போகும்?

தமிழில் தரையில் விரிப்பதும் பாய், கப்பலை ஓட்டுவதும் பாய். ஆனிங் இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிய பொருள். அமைதியான மத்தியானத்தில் அது முதல் பாய். காற்று அடித்தால் இரண்டாவது. பெரிய கேரவனில் இது அவ்வளவாகத் தெரியாது, அதன் உடம்பு கனம், சட்டம் பலம். இரண்டு பேர் படுக்க மட்டும் இடமுள்ள கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லரில் எல்லாக் குட்டும் வெளிப்பட்டுவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று, தன் எதிரே நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் துணியையும் சுமார் 6 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். இரண்டரை மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள துணி என்றால் 30 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 72 கி.மீ. வேகத்தில் அதே துணி 120 கிலோவுக்கு மேல் இழுக்கும். கிடையாக விரித்த துணியில் இது முழுதாக விழாதுதான். ஆனால் முன் விளிம்பு ஒரு தடவை மேலே எகிறிவிட்டால் துணி நிமிர்ந்துகொள்ளும், அப்புறம் அத்தனை கிலோவும் நீங்கள் போட்ட நாலு போல்ட்டில் வந்து நிற்கும்.

அதனால் பெரியதாக வாங்கினால் நல்லது என்ற நினைப்பே முதல் தவறு. இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேசையும் அடங்க 2 மீட்டருக்கு 2 மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் விரிக்கவும் மடக்கவும் இரண்டு ஆள் வேண்டும், பிறகு "இன்னைக்கு வேண்டாம், விடு" என்று சுருட்டியபடியே கிடக்கும்.

அளவெடுக்கும் இடத்திலேயே வரும் தவறு

டிரெய்லரின் நீளத்தை அளந்து, அதே நீளத்தில் ஆனிங் வாங்கிவிடுகிறார்கள். அளக்க வேண்டியது நீளத்தை அல்ல, கூரையோரத்தில் நேராக ஓடும் பகுதியை. 3 மீட்டர் டிரெய்லரில் முன்னும் பின்னும் வளைவு போக, நேர்ப்பகுதி 2 மீட்டர்கூடத் தேறாமல் போகலாம். அலுமினியப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் கேசட் வகை வளையாது. அதற்கு முழு நீளமும் நேரான தளம் வேண்டும். விளிம்பில் நாடா தைத்து, தண்டவாளம் போன்ற ரெயிலுக்குள் கோத்து இழுக்கும் வகை கொஞ்சம் வளைவைப் பொறுத்துக்கொள்ளும். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. நாடாவின் தடிமன் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்காது. 4 மி.மீ. நாடா பெரிய ரெயிலிலிருந்து நழுவி வெளியே வந்துவிடும், 7 மி.மீ. நாடா சின்ன ரெயிலில் நுழையவே நுழையாது. ஒரு சாண் துண்டு வாங்கிக் கோத்துப் பார்த்த பிறகு முழுத்துணிக்குப் பணம் கட்டுங்கள்.

உயரம் இன்னும் மோசமாக ஏமாற்றும். கேரவனுக்கென்று விற்கும் முன்கூடார ஆனிங்குகளில் பல, தரையிலிருந்து ரெயில் 235 முதல் 250 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்று நினைத்துத் தைத்தவை. உங்கள் டிரெய்லரின் ரெயில் 170 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்தத் துணியின் அடிப்பகுதி தரையில் மடிந்து சேற்றில் புரளும். சுவர் இல்லாத எளிய ஆனிங்கிலும் தொல்லை உண்டு. மழைத்தண்ணீர் வெளிப்பக்கம் ஓட வேண்டுமானால் முன் விளிம்பு 20 செ.மீ.யாவது தாழ வேண்டும். 170-இல் 20 போனால் 150. நடமாடுகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் அந்தக் கம்பி ஒரு தடவை முத்தம் கொடுக்கும்.

பலரும் இதற்கு ஒரு வைத்தியம் செய்கிறார்கள்: முன்விளிம்பைத் தாங்கும் கம்பங்களை, அதாவது ஆனிங்கின் முன் கால்களை, நீட்டி வெளி விளிம்பைத் தூக்கிவிடுகிறார்கள். தலை தப்பும். ஆனால் அடுத்த மழையில் தண்ணீர் முழுதும் டிரெய்லர் சுவரை நோக்கி ஓடி, சரியாகக் கதவுக்கு மேலே கொட்டும். கூரையில் ஒரு ரேக் போட்டு, ஆனிங்கை 25, 30 செ.மீ. உயர்த்தி மாட்டுவதுதான் ஒழுங்கான வழி. அதுவும் முடியாதென்றால் டிரெய்லரை மறந்துவிடுங்கள். நாலு கம்பத்தில் தனியாக நிற்கும் தார்ப்பாய் ஒன்றைப் பக்கத்தில் கட்டிக்கொள்ளலாம். கேவலம் ஒன்றும் இல்லை. நான் பார்த்த நல்ல முகாம்களில் பாதி இப்படித்தான் இருந்தன.

கதவையும் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். கதவின் மேல்மூலை சரிந்த துணியில் உரசும். ஒரு நாளைக்கு இருபது முறை திறந்தால் ஒரே வாரத்தில் அந்த இடத்தில் துணி நைந்து வெளிச்சம் தெரியும். சமையல் பின்பக்கம் என்றால் இன்னொரு கேள்வி: பக்கவாட்டு ஆனிங் உங்கள் அடுப்புக்கு என்ன செய்யப்போகிறது? மழையில் நனைந்தபடி குழம்பைக் கிளறுகிறவருக்கு, பத்தடி தள்ளி இருக்கும் நிழலால் பயனில்லை.

நிழலைப் பற்றியே ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் ஆனிங்கின் நிழல் அதன் அடியிலேயே கிடக்கும். சூரியன் 45 பாகை உயரத்துக்கு இறங்கியதும், 2 மீட்டர் உயரத்தில் உள்ள விளிம்பின் நிழல் 2 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. சூரியன் ஆனிங் பக்கம் இருந்தால் அந்த நிழல் டிரெய்லர் சுவரில் ஏறிக்கொள்ளும், நீங்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். அகலமான ஆனிங் இதற்கு மருந்தல்ல. முன்விளிம்பில் தொங்கவிடும் ஒரு திரை போதும். அதைவிட, டிரெய்லரை நிறுத்தும்போதே மாலைச் சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து நிறுத்தினால் ஒரு செலவும் இல்லை.

எடை எங்கே போய் உட்காருகிறது

பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து வளைத்து மூடும் 270 பாகை ஆனிங்குகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அவற்றில் பல 20 கிலோவைத் தாண்டும், அத்தனையும் கூரையின் ஒரு பின்மூலையில், ஒரு கீலில் தொங்கும். சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை, முன்னால் காரின் கொக்கியில் அமரும் எடையைக் குறைக்கும். கொக்கியில் எடை குறைந்த டிரெய்லர் வேகமெடுத்ததும் வாலாட்டத் தொடங்கும். கேசட்டும் லேசானதல்ல. ஜிப் வைத்த பைக்குள் சுருட்டி வைக்கும் பை வகைதான் சின்ன டிரெய்லருக்கு என் சிபாரிசு. பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது, பையின் ஜிப் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். ஆனாலும் அதுதான்.

எதை வாங்கினாலும் டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் அதிகபட்ச எடையிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். பக்கவாட்டில் எத்தனை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், மொத்த அகலத்துக்கு எல்லா இடத்திலும் சட்ட வரம்பு உண்டு.

துணி விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலியெஸ்டர் லேசு, சீக்கிரம் உலரும், வெயிலில் நாளடைவில் பலம் இழக்கும். பருத்தி கலந்த கித்தான் கனம், ஆனால் மூச்சு விடும், அடியில் புழுக்கம் குறைவு. பிவிசி பூசியது ஒரு சொட்டு விடாது, பதிலுக்குக் காலையில் அடிப்பக்கம் முழுக்க வியர்த்திருக்கும்.

துளை போடும் கை

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரின் வெளித்தோல் பளபளவென்று அலுமினியமாக இருந்ததால் கெட்டியாக இருக்கும் என்று நம்பி, தானே மரை வெட்டும் ஸ்க்ரூ எட்டை நேராக இறக்கினேன். கையால் அசைத்துப் பார்த்தால் பாறை மாதிரி இருந்தது. இரண்டாவது பயணத்தில், ஆனிங்கின் கால்களை ஊன்றுவதற்கு முன் துணியை முழுதாக இழுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. பெரிய காற்றுகூட இல்லை. 'டப், டப்' என்று இரண்டு சத்தம். மேல்வரிசை ஸ்க்ரூக்கள் தகட்டோடு வெளியே வந்து, துளைகள் நீள்வட்டமாகக் கிழிந்திருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தால் மெல்லிய தகடு, அதற்குப் பின்னால் வெறும் தெர்மோகோல்.

2 மீட்டர் நீண்ட துணி ஒரு நெம்புகோல். முனையில் விழும் 10 கிலோ, சுவரில் 20 செ.மீ. இடைவெளியில் உள்ள போல்ட்டுகளை 100 கிலோவாக இழுக்கும். அதனால் ஸ்க்ரூவைச் சட்டத்தில் இறக்க வேண்டும், தோலில் அல்ல. இரும்புச் சட்டமானால் காந்தம் காட்டிக்கொடுக்கும். மரமோ அலுமினியமோ ஆனால் வெளியே தெரியும் ரிவெட் அல்லது ஸ்க்ரூ வரிசையைப் பின்தொடர்ந்து, விரல் முட்டியால் தட்டி, சத்தம் மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். சட்டம் கிடைக்காத இடத்தில் உள்ளிருந்து ஒரு தட்டையான தகட்டை முட்டுக்கொடுத்து, போல்ட் முழுதாக ஊடுருவிப் போகும்படி நட்டுப் போட வேண்டும். துளை போடும் முன் உள்விளக்கைக் கழற்றி, வயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஃபைபர்கிளாஸ் உடம்பானால் மட்டும் முறுக்குவதில் ஆசைப்படக் கூடாது. அதிகமாக இறுக்கினால் மேல்பூச்சு நட்சத்திரமாக வெடிக்கும்.

அடுத்தது சீலன்ட், துளைவழியே தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை. வீட்டில் மிச்சமிருக்கும் குளியலறை சிலிக்கானை அப்பிவிடுவது மிகப் பரவலான தவறு. அது பெயர்ந்துவிட்டால் மெழுகு போன்ற ஒரு படலம் மிஞ்சும், அதன் மேல் எந்தச் சீலன்டும் மறுபடி ஒழுங்காகப் பிடிக்காது. இறுகாமல் கொழகொழப்பாகவே இருக்கும் பியூட்டைல் டேப்தான் இந்த வேலைக்கு வாகானது. பிராக்கெட்டின் அடியில் வைத்து, மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறுக்கினால் சுற்றிலும் பிதுங்கி வரும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிடலாம். இதில் கஞ்சம் பிடித்தால் தண்டனை உடனே தெரியாது. தண்ணீர் துளைவழியே சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, பிளைவுட்டை மாதக்கணக்கில் ஊறவைத்து, ஒரு நாள் சுவரை அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறவர்கள் நடுவே ஒரு நைலான் வாஷர் வையுங்கள். இரண்டு உலோகமும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும், கடலோரத்தில் இன்னும் வேகமாக.

விரித்த பிறகு

மழையில் துணியின் நடுவே ஒரு சின்னக் குழி விழும். அது சின்னதாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்றால் 10 லிட்டர், 10 கிலோ. எடை கூடக் கூடக் குழி ஆழமாகும், ஆழமாக ஆகப் பக்கத்துத் தண்ணீரையும் அது இழுத்துக்கொள்ளும். ஒரு கட்டில் அளவுக் குட்டையில் 5 செ.மீ. தேங்கினால் 100 கிலோ. அதற்குள் ஆனிங்கைத் தாங்கும் ஏதோ ஒரு கம்பி வளைந்திருக்கும். துடைப்பக் கட்டையால் நடுவில் குத்தித் தூக்காதீர்கள், துணி அந்த இடத்தில் நிரந்தரமாகத் தொய்ந்து ஒவ்வொரு மழைக்கும் அங்கேயே குட்டை கட்டும். ஒரு முன்காலை மற்றதைவிட ஒரு சாண் தாழ்த்திவிட்டால் தண்ணீர் அந்த மூலையில் தாரையாக இறங்கிவிடும். அடியில் ஒரு வாளியும் வைக்கலாம்.

முளைகளை நேராக அடிப்பது இன்னொரு பழக்கம். தலை ஆனிங்கை விட்டு வெளியே சாய்ந்திருக்கும்படி அடித்தால்தான் கயிறு இழுக்கும்போது மண் பிடித்துக்கொள்ளும். மணலில் சாதாரண முளை நிற்காது, மணல் நிரப்பிய பையைப் புதைத்துக் கயிறு கட்டுங்கள். காற்று ஏறும் போலத் தோன்றினால் கூடுதல் கயிறு தேடாதீர்கள், சுருட்டுங்கள். தூங்கப் போகும்போதும் அப்படியே.

பக்கச்சுவர் வைத்து மூடிய ஆனிங்குக்குள் அடுப்பு மூட்டுவதைத் தவறு என்று சொன்னால் போதாது, அது உயிருக்கு உலை வைக்கும் காரியம். கேஸ் அடுப்பும் கரி அடுப்பும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். வாடை கிடையாது, நிறம் கிடையாது. டிரெய்லரின் கதவு அந்த ஆனிங்குக்குள்தான் திறக்கிறது, அதனால் அது நேராகப் படுக்கைக்குப் போகும். நெருப்பு அணைந்த மாதிரி தெரியும் கரியும் இதையே வெளியிட்டுக்கொண்டிருக்கும், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உள்ளே எடுத்து வைக்க வேண்டாம். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால் அதன் புகைவாயைத் துணி மூடுகிறதா என்றும் பாருங்கள்.

ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், அது எல்லோருக்கும் நேரும், இரண்டு நாளுக்குள் எங்காவது பிரித்து உலர்த்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பூக்கும், அந்தக் கறை என்ன தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

கிளம்பும் காலையில் பையின் ஜிப்பையும் பட்டைகளையும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டியிருந்தால் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட் நுனியோடு சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் 20 கி.மீ. போனதும் ஓரமாக நிறுத்தி, அந்தக் கோடு இன்னும் ஒரே நேராக இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்து விலகியிருந்தால் அந்த நட்டு கழன்றுகொண்டிருக்கிறது. ஸ்பேனர் பின்பெட்டியின் அடியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.