பழைய வாட்சுக்குப் புதிய பாகம்: மதிப்பைக் குறைக்கும் தவறுகள்

பழைய கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, எல்லா உதிரிபாகங்களையும் ஒன்றுபோல் நினைப்பது. வாட்சை ஓடவைக்கும் மெயின் ஸ்பிரிங், நீர் புகாமல் தடுக்கும் வளையமான கேஸ்கெட், கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடி ஆகியவை தேய்ந்து மாற்றப்பட வேண்டியவையே. புதிதாகப் போட்டால் மதிப்பு பெரிதாகக் குறையாது. டயல், முட்கள், கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமான பெசல் ஆகியவை அப்படியல்ல. சேகரிப்பாளர் விலை கொடுப்பதே பெரும்பாலும் அவற்றின் அசல் தன்மைக்குத்தான்.

எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்வோம். சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் இந்தச் சாவி கொடுக்கும் வாட்ச் அப்பாவின் பெட்டியிலிருந்து மஞ்சளேறிய டயலோடு கிடைத்தால், பளிச்சென்று இருக்கட்டும் என்று டயலுக்குப் புதிதாக வண்ணம் பூசி எழுத்தை மறுபடி அச்சிடச் சொல்லிவிடுகிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஆலையில் அச்சான எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், மறு அச்சில் பெரும்பாலும் மை பரவி எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக அமையாமல் விலகியிருக்கும். அழித்த அச்சை மீட்க வழியே இல்லை.

நிறுவனமே தயாரித்த பாகம் என்றால் கவலையில்லை என்று நம்புவதும் தவறு. 1970களின் ரோலெக்ஸ் சப்மரைனர் டயலில் இரவில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு பூசப்பட்டது. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால் இன்று அது இருட்டில் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. பூச்சு மட்டும் பல டயல்களில் இளமஞ்சளாகப் பழுத்திருக்கும். சர்வீசில் புதிய டயலும் முட்களும் போட்டால் வாட்ச் நன்றாக ஒளிரும், விலையோ வெகுவாக இறங்கிவிடும்.

கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்காமல் திரும்பிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 1970க்கு முந்தைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் பெசலில் 90 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அல்லாமல் மேலே சிறு புள்ளி இருக்கும். அந்தப் பெசல் மட்டுமே தனியாக ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோகும். ஆகவே டயல், முட்கள், பெசலை மாற்றக் கூடாது, வாட்சின் வெளிக்கூடான கேஸுக்குப் பாலிஷ் போடக் கூடாது, கழற்றியவை அனைத்தும் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பழைய பாகத்தைத் திருப்பித் தர மறுக்கும் சர்வீஸ் மையங்களும் உண்டு என்பதால், வாட்சைத் திறக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.