மண்ணின் பதம் பார்த்துப் பந்தயம் பார்ப்பது: முதன்முறை ஸ்பிரிண்ட் கார் திடலுக்குச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெமாயின் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய நாக்ஸ்வில் என்னும் சிற்றூரில் எட்டாயிரம் பேர்கூட வசிப்பதில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் என்னும் ஸ்பிரிண்ட் கார் பந்தயம் நடைபெறும் நான்கு இரவுகளில், அவ்வூர்ப் பொருட்காட்சித் திடலின் அரை மைல் மண் ஓடுபாதையைப் பார்த்தபடி அமைந்த இருக்கைகளில், ஊரின் மக்கள்தொகையைவிடக் கூடுதலான ரசிகர்கள் வந்து அமர்கிறார்கள். 1961இல் தொடங்கிய இப்பந்தயத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும்கூட ஓட்டுநர்களும் ரசிகர்களும் கடல் கடந்து வருகிறார்கள். வட்டமாகச் சுற்றும் கார்களில் இவர்கள் எதைக் காண்கிறார்கள் என்று வியப்பவர்களுக்காகவும், அங்கே ஓர் இரவைக் கழிக்க விரும்பி எங்கே தொடங்குவதென்று தெரியாதிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பார்வையில் இந்தப் பந்தயத்தின் ஈர்ப்பு காரில் பாதி, மண்ணில் பாதி. காரின் வேகம் முதல் ஐந்து நிமிடத்திலேயே எவருக்கும் தெரிந்துவிடும். மண்ணைப் பார்க்கப் பழகியவரே மறுவாரமும் வருகிறார்.

முதலில் காரைத் தெரிந்துகொள்வோம்

உயர்நிலைப் பிரிவில் ஓடும் ஸ்பிரிண்ட் காரில் 410 கன அங்குலக் கொள்ளளவுள்ள வி8 இன்ஜின் இருக்கிறது. அது மெத்தனாலை எரித்து ஏறத்தாழ 900 குதிரைத்திறனைத் தருகிறது. ஓட்டுநரையும் சேர்த்து வண்டியின் எடை சுமார் 640 கிலோதான். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் இதைவிடக் கனமானவை என்பதையும், அவற்றின் இன்ஜின் தருவது இதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த வண்டி ஏன் மண்ணில் காலூன்றி நிற்க மறுக்கிறது என்பது புரியும். இதில் கிளட்ச் இல்லை, பல கியர்கள் இல்லை, தானாகக் கிளம்புவதற்கான ஸ்டார்ட்டரும் இல்லை. ஒரு டிரக் பின்னாலிருந்து தள்ள, சக்கரங்கள் சுழன்று எண்ணெய் அழுத்தம் ஏறியதும் ஓட்டுநர் சுவிட்சைப் போடுகிறார். இன்ஜின் உறுமிக்கொண்டு உயிர்பெறுகிறது. இதை வெறும் முன்னேற்பாடு என்று எண்ணித் தின்பண்டம் வாங்கப் போய்விடாதீர்கள். இருபத்துநான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படிக் கிளம்பும்போது எழும் மெத்தனால் வாசனையும் நெஞ்சுக்கூட்டில் உணரும் அதிர்வும் தொலைக்காட்சியில் கிடைக்காதவை.

தலைக்குமேல் கூரைபோல் தெரியும் பெரிய தகட்டை ரசிகர்கள் இறக்கை என்கிறார்கள். இருபத்தைந்து சதுர அடிப் பரப்புள்ள அது, விமான இறக்கைக்கு மாறாக, வண்டியை நிலத்தோடு அழுத்துகிறது. வலது பின்சக்கரம் இடது பின்சக்கரத்தைவிடப் பெரியது. ஆகவே நேராக ஓட விட்டாலும் வண்டி இடப்பக்கமே திரும்பப் பார்க்கும். வளைவுக்குள் நுழையும்போது வண்டியின் பின்பகுதி வெளிப்பக்கம் சறுக்க, ஓட்டுநர் முன்சக்கரங்களை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைவிட ஆக்ஸிலரேட்டரை நம்பியே வளைவைக் கடக்கிறார். வளைவிலிருந்து வெளியேறும்போது இடது முன்சக்கரம் தரையைவிட்டு எழுவதைக் கவனியுங்கள். அது விபத்தின் அறிகுறி அன்று. பின்சக்கரங்களுக்கு நல்ல பிடி கிடைத்திருக்கிறது என்பதன் அடையாளம்.

எங்கே அமர்வது, எதைக் கொண்டுசெல்வது

கீழ் வரிசைகளில் நுழைவுச்சீட்டு எளிதில் கிடைக்கும் என்பதற்காக அங்கே அமர வேண்டாம். மாலையின் முதல் பகுதியில் ஈரமண் கட்டிகளும் பின்பகுதியில் புழுதியும் அங்கேதான் வந்து விழும். அதைவிட முக்கியமான காரணம், கீழேயிருந்து பார்த்தால் ஓடுபாதையின் மறுபக்கத்தில் நடப்பது தெரியாது. முடிந்தவரை மேல் வரிசையில், இரு முனை வளைவுகளும் கண்ணுக்கு அகப்படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பல திடல்களில் ரசிகர்கள் பிற்பகலிலேயே வந்து இருக்கைப் பலகையின்மேல் போர்வையை விரித்து இடம்பிடித்துச் செல்வது வழக்கம். அந்தப் போர்வையை எவரும் நகர்த்துவதில்லை, நீங்களும் நகர்த்தாதீர்கள். போர்வை விரிக்க எத்தனை மணிமுதல் அனுமதி என்பது திடலுக்குத் திடல் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

காதடைப்பான் கட்டாயம் வேண்டும். குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடும் வகையே ஏற்றது. அதை அணிய மறுக்கும் குழந்தையை அழைத்துச் செல்லாதிருப்பதே அதன் செவிக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். கண்ணில் மண் விழாமல் காக்க ஒரு சாதாரணக் கண்ணாடி, துவைத்தால் பாழாகாத உடை, இரவு ஏற ஏறக் குளிரும் என்பதால் ஒரு மேற்சட்டை ஆகியவை போதும்.

இரவின் நடைமுறை

புதியவர்கள் பெரும்பாலும் இறுதிப் பந்தயத்துக்கு மட்டும் வந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். கிரிக்கெட்டில் கடைசி ஐந்து ஓவரை மட்டும் பார்ப்பதைப் போன்றது அது. முதலில் பயிற்சிச் சுற்றுகள் நடக்கும். அதன்பின் ஒவ்வொருவரும் நேரக் கணக்கெடுப்புக்காக இரண்டு சுற்று ஓடுவார்கள். அடுத்து எட்டு அல்லது பத்துச் சுற்றுகள் கொண்ட சிறு பந்தயங்கள். பல திடல்களில் கணக்கெடுப்பில் வேகமாக ஓடியவரைச் சிறு பந்தயத்தில் பின்வரிசையில் நிறுத்துவார்கள். எனவே சிறந்தவர் முந்தித்தான் ஆக வேண்டும், காத்திருந்து தப்ப முடியாது. அதில் தேறாதவர்களுக்குக் கடைசி வாய்ப்பாக பி-மெயின் என்ற பந்தயம் உண்டு. அதில் முன்னணியில் வருவோர் சிலர் மட்டும் ஏ-மெயின் எனப்படும் இறுதிப் பந்தயத்தின் பின்வரிசையில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். நேஷனல்ஸ் போன்ற பெரிய நிகழ்வில் பி-மெயினுக்குக் கீழே சி, டி என்று படிகள் நீள்கின்றன.

என் விருப்பத்தைக் கேட்டால், இரவின் மிக நெருக்கடியான பந்தயம் பி-மெயின்தான். வெற்றி அங்கே பொருட்டல்ல; கடைசித் தகுதி இடத்துக்கு நடக்கும் போராட்டமே பொருட்டு. தன் வேலைக்கூலியைச் சேர்த்து வண்டி வாங்கிய உள்ளூர்க்காரரும், நாடெங்கும் சுற்றிப் பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவரும் ஒரே இடத்துக்காக மோதுவதை வேறு மோட்டார் பந்தயங்களில் அரிதாகவே காணலாம். முதல்முறை செல்பவர் இந்தப் பந்தயத்தில் ஓர் உள்ளூர்க்காரரைத் தேர்ந்து அவரை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கட்டும்.

இறுதிப் பந்தயத்துக்குமுன் வண்டிகள் நான்கு நான்காக அணிவகுத்து மெதுவாக ஒரு சுற்று வரும். அது ரசிகர்களுக்கான வணக்கம். கூட்டம் எழுந்து நின்று நான்கு விரல்களை உயர்த்திக் காட்டும். நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

மண்ணைப் பார்க்கும் முறை

நாக்ஸ்வில்லின் ஓடுபாதை நம் கரிசலை நினைவூட்டும் கரிய, பிசுபிசுப்பான மண். உழவர் பதம் பார்ப்பதுபோலத் திடல் பணியாளர்கள் பகல் முழுவதும் அதற்கு நீர் விட்டு, கிளறி, வண்டிகளை ஓட்டி இறுக்குகிறார்கள். மாலையில் ஈரம் நிறைந்திருக்கும்போது பிடி எங்கும் கிடைக்கும். எல்லோரும் ஏறத்தாழ முழு வேகத்தில் ஓடுவார்கள். ஒரு சுற்றுக்குப் பதினைந்து நொடி அளவே ஆகும். அப்போது முந்துவது கடினம். இரவு செல்லச் செல்லச் சக்கரங்கள் ஈரத்தை உறிஞ்சி, தளர்ந்த மண்ணை வெளிப்பக்கம் தள்ளுகின்றன. உட்பகுதி கருத்து மினுமினுக்கத் தொடங்கும். அந்த மினுமினுப்பு வழுக்கலின் அடையாளம். வெளியே தள்ளப்பட்ட மண் சுவரோரம் வரப்புபோல் திரளும். அந்த வரப்பின்மேல் வலது பின்சக்கரத்தைச் சாய்த்து ஓட்டினால் பெரும் வேகம் கிடைக்கும். ஒரு சாண் தவறினால் வண்டி வரப்பைத் தாண்டிச் சுவரில் மோதும் அல்லது உருளும்.

எனவே ஒவ்வொரு ஓட்டுநரும் இடைவிடாமல் ஒரு தெரிவைச் செய்துகொண்டிருக்கிறார். உள்பக்கம் தூரம் குறைவு, ஆனால் வழுக்கல். வெளிப்பக்கம் தூரம் அதிகம், ஆனால் பிடி உண்டு. நடுவில் எங்கோ ஈரம் மிச்சமிருக்கும் ஒரு கீற்று யாருக்காவது அகப்படலாம். மண் காயக் காய, ஓட்டுநர் உள்ளேயிருக்கும் ஒரு நெம்புகோலைக் கொண்டு மேல் இறக்கையைப் பின்னுக்கு நகர்த்திப் பின்சக்கரங்களுக்கு அழுத்தம் கூட்டுவார். இறக்கை எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதை இருக்கையிலிருந்தே பார்க்கலாம்.

முன்னால் ஓடுபவரைவிட இரண்டாமவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. முதல்வர் எந்தத் தடத்தில் ஓடுகிறார் என்பதை அவர் பார்க்கிறார், வேறொன்றைச் சோதித்தும் பார்க்கிறார். முதல்வருக்கோ பின்னால் நடப்பது தெரியாது. ஓட்டுநரின் காதில் உள்ள கருவி பந்தய அதிகாரியின் அறிவிப்பை மட்டும் கேட்கச் செய்கிறது. அவரால் தம் குழுவோடு பேச முடியாது. குழுவினர் ஒருவர் ஓடுபாதையோரம் நின்று கைச்சைகையால், ‘பின்னால் இருப்பவர் நெருங்கிவிட்டார், மேல்தடத்தில் வருகிறார்’ என்று உணர்த்துகிறார். அந்தச் சைகையை உங்களாலும் படிக்க முடியும். ஓட்டுநருக்குத் தெரிவதற்கு ஒரு கணம் முன்னரே ரசிகருக்குத் தெரிந்துவிடும் இந்த நிலைதான் கூட்டத்தை இருக்கையிலிருந்து எழச் செய்கிறது.

இறுதிப் பந்தயத்தில் எட்டுப் பத்துச் சுற்றுகளுக்குள் முதல்வர் கடைசியில் ஓடுபவர்களை எட்டிவிடுவார். அந்தக் கணத்திலிருந்து பந்தயம் வேறாகிறது. அவருக்கு வேண்டிய தடத்தை ஒரு சுற்றுப் பின்தங்கியவர் அடைத்துக்கொண்டிருப்பார், இரண்டாமவர் நெருங்குவார். இரண்டாமவர் வளைவுக்குள் உள்பக்கமாக மிகுந்த வேகத்தோடு பாய்ந்து, சறுக்கிக்கொண்டே மேலேறி முதல்வரின் முன்னால் சென்று நிற்பார். இதைச் சிலைடர் என்பார்கள். ஆனால் அப்படிச் சறுக்கியவர் வேகத்தை இழந்திருப்பார். முந்தப்பட்டவர் உடனே வண்டியைக் கீழே வெட்டித் திருப்பி, வளைவின் முடிவில் இடத்தை மீட்பார். ஒரே சுற்றில் முதலிடம் இரண்டு மூன்று முறை கைமாறுவது இப்படித்தான். ஆகவே வெற்றிக்கொடிக்கு இன்னும் நான்கைந்து சுற்றுகள் இருக்கையில், உங்கள் கண் முதல்வர்மேல் அல்ல, அவருக்கு முன்னால் ஓடும் பின்தங்கிய வண்டிகள்மேல் இருக்கட்டும்.

வண்டிகள் உருள்வதையும் காண நேரும். சிவப்புக் கொடி விழுந்ததும் கூட்டம் அமைதியாகும். ஓட்டுநர் தாமாக வெளியே வந்து நின்றதும் அவர் எந்த ஊர்க்காரராயினும் கைதட்டல் எழும். இந்த விளையாட்டு பல உயிர்களைப் பறித்திருக்கிறது. 2016இல் நேஷனல்ஸை வென்ற ஜேசன் ஜான்சன் இரண்டே ஆண்டுகளில் விஸ்கான்சினில் நடந்த பந்தய விபத்தில் உயிரிழந்தார். விபத்துக்காகவே வருகிறார்கள் என்று ரசிகர்களைப் பற்றிச் சொல்வோர் அந்த அமைதியை ஒருமுறை உடனிருந்து கேட்க வேண்டும்.

யாரைப் பின்தொடர்வது

டெட் ஜான்சன் 1978இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் தொடரே நெடுங்காலமாகத் தலைமைத் தொடர். அதில் ஸ்டீவ் கின்சர் இருபது முறை பட்டம் வென்றார்; நேஷனல்ஸைப் பன்னிரண்டு முறை வென்றார். டானி ஷாட்ஸ் நேஷனல்ஸைப் பதினொரு முறை வென்றிருக்கிறார். கைல் லார்சன் 2021இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கோப்பைப் பட்டத்தை வென்ற அதே ஆண்டில் நாக்ஸ்வில்லுக்கு வந்து நேஷனல்ஸையும் வென்றார். அவரும் பிராட் ஸ்வீட்டும் தொடங்கிய ஹை லிமிட் தொடர் 2024 முதல் முழு அளவிலான தேசியத் தொடராக நடக்கிறது.

பென்சில்வேனியாவில் 1939இல் திறக்கப்பட்ட வில்லியம்ஸ் குரோவ் திடலுக்குச் செல்ல வாய்த்தால், வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் தொடரில் ஊர் ஊராகச் செல்லும் நாடோடி அவுட்லாக்கள் வரும் இரவைத் தேர்ந்தெடுங்கள். ‘போசி’ என்று அழைக்கப்படும் உள்ளூர் ஓட்டுநர்கள் அவர்களை எதிர்த்து நிற்பதும், ஊரே தம் ஆட்களுக்காகக் குரல் கொடுப்பதும் அங்கே பரம்பரையாக வருவது. ஓஹையோவின் எல்டோராவில் சாய்வு மிகுந்த வளைவுகள். இந்தியானாவில் இறக்கையில்லாத வண்டிகள், அவற்றில் சறுக்கல் இன்னும் அதிகம். மெல்பனில் வசிப்போர் ஜனவரியில் வார்ணம்பூல் நகரின் கிராண்ட் ஆனுவல் கிளாசிக் பந்தயத்துக்குப் போகலாம். அது 1973 முதல் நடக்கிறது.

பந்தயம் முடிந்தபின்

கொடி விழுந்ததும் வாகன நிறுத்தத்துக்கு ஓடாதீர்கள். பல திடல்களில் இறுதிப் பந்தயத்துக்குப்பின் பிட் பகுதியின், அதாவது குழுக்கள் வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடத்தின், வாயிலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். முகத்தில் மண்ணோடு நிற்கும் ஓட்டுநர் குழந்தைகளுக்குக் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பார். தயங்காமல் போய்ப் பேசலாம். கையெழுத்து வாங்கியபின் அவருடைய வண்டியின் வலது பின்சக்கரத்தின் அருகே சென்று குனிந்து பாருங்கள். ரப்பர் முனைகள் கூர்மையாக நின்றால் அவர் ஈரம் மிச்சமிருந்த தடத்தைக் கண்டுபிடித்து ஓடியிருக்கிறார். முனை மழுங்கி, மேற்பரப்பு வழவழப்பாகி இருந்தால் காய்ந்த தடத்தில் போராடியிருக்கிறார். பிறகு வென்றவரின் வண்டிக்கும் நடந்து சென்று அதே சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.