இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு விதமாகச் சொன்னால்: டெக்னிக்கல் டைவிங் கற்கப் போகிறவர்களுக்கு

போன பொங்கலுக்குப் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்த அக்கா மகன், முகப்புத் திண்ணையில் இரண்டு பாடத்திட்டங்களை விரித்து வைத்துக் குழம்பிப் போய் உட்கார்ந்திருந்தான். சாதாரண ஸ்கூபாவை முடித்துவிட்டான். அடுத்தது டெக்னிக்கல் டைவிங்: அதிக ஆழமும், நின்று நின்று மேலே ஏறும் டீகம்ப்ரஷனும். ஒரு பயிற்சியாளர், 45 மீட்டர் வரை காற்றிலேயே போகலாம், உன்னை நீயே காப்பாற்றிக்கொள்ளப் பழகு என்கிறார். இன்னொருவர், 30 மீட்டரைத் தாண்டினால் மூச்சு வாயுவில் ஹீலியம் கலக்க வேண்டும், குழு இல்லாமல் இறங்கவே கூடாது என்கிறார். “யார் சொல்றது சரி, அம்மான்?”

இந்தச் சண்டை பழையது. 1998இல் தொடங்கிய ஜியுஇ (குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ்) போன்ற பயிற்சி அமைப்புகள் எல்லோருக்கும் ஒரே கருவி அமைப்பு, ஒரே வாயுக் கலவைகள், குழு என்று கறாராக இருக்கின்றன. மற்ற சில அமைப்புகள் ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப நெகிழ்வு வேண்டும் என்கின்றன. அமைப்பின் பெயரைப் பார்த்துப் பக்கம் சேராதீர்கள். ஒவ்வொரு விதியையும் எடுத்து, இது எந்தச் சாவைத் தடுக்க வந்தது என்று கேளுங்கள். நீருக்கடிக் குகைகளில் இறங்கிய அமெரிக்கர் ஷெக் எக்ஸ்லி 1979இல் செய்தது அதைத்தான். குகைகளில் இறந்தவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வெளியே வரை அறுபடாத கயிறு இல்லாதது, திரும்பி வரக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கை மிச்சம் வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழம் ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. விதிகள் அங்கிருந்து பிறந்தன.

முதலில் காற்றா ஹீலியமா என்பதைப் பார்ப்போம். இதில் நான் நடுநிலை இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சியாளரோடு 48 மீட்டருக்குக் காற்றில் போனேன். அழுத்தமானியை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கண்ணை எடுத்ததும் எண் மறந்துவிட்டது. மேலே வந்து சொன்னபோது, “பழகிடும்” என்றார். பழகுவது போலத் தோன்றும், ஆனால் ஆழத்தில் காற்று தரும் மயக்கம் குறைவதில்லை.

மயக்கத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டே இருக்கலாம். ஆக்சிஜனும் மயக்கும் என்று ஒரு கட்சி, நைட்ரஜனை மட்டும் கணக்கில் எடு என்று ஒரு கட்சி. 21 சதவீதம் ஆக்சிஜன், 35 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன் கொண்ட ட்ரைமிக்ஸ் கலவையில் 45 மீட்டர் போனால், மயக்கத்தில் அது காற்றில் 26 மீட்டரில் இருப்பதற்குச் சமம் என்பார் முதல் கட்சிக்காரர். 21 மீட்டர் என்பார் அடுத்தவர். ஆனால் வாயுவின் அடர்த்தியில் வாதத்துக்கு இவ்வளவு இடம் இல்லை. கேவின் ஆண்டனியும் சைமன் மிட்செலும் 2016இல் சொன்ன வரம்பு லிட்டருக்கு 5.2 கிராம், அதிகபட்சம் 6.2. 45 மீட்டரில் காற்று சுமார் 7.1 கிராம். அதே ட்ரைமிக்ஸ் 5 கிராம்தான். அடர்ந்த வாயுவை இழுத்து உழைக்கும்போது கரியமில வாயு உடம்பில் தேங்குகிறது. அது மயக்கத்தையும் பதற்றத்தையும் ஒன்றாக ஏற்றிவிடும். காற்றிலேயே கூட்டிப் போகிறேன் என்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அவர் இதைப் பற்றி யோசித்தவரா என்பது உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், தனி ஆளா குழுவா? எங்கள் ஐயா ரங்கூனில் பேரேடு எழுதியவர். வரவு செலவைத் தாளில் எழுதாமல் பேசினால் அவருக்குப் பிடிக்காது. பத்திரமாக மேலே வரக் குறைந்தது எவ்வளவு காற்றை மிச்சம் வைக்க வேண்டும் என்று அக்கா மகனையும் எழுதச் சொன்னேன். இரட்டை 12 லிட்டர் சிலிண்டர். 45 மீட்டரில் அழுத்தம் 5.5 பார். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சிக்கலைத் தீர்க்க 1 நிமிடம். 21 மீட்டர் வரை ஏற 3 நிமிடம், சராசரி 4.3 பார், அங்கே 50 சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் வாயுவுக்கு மாற 1 நிமிடம், 3.1 பார். ஒவ்வொன்றிலும் நிமிடத்தையும் 30ஐயும் அழுத்தத்தையும் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 645 லிட்டர். இரண்டு சிலிண்டரின் 24 லிட்டரால் வகுத்தால், அழுத்தமானியில் 27 பார். காற்று தீர்ந்த கூட்டாளியையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டுமென்றால் 54 பார். நான் 60 என்று எழுதுவேன்.

அந்த இரண்டாவது 27 பாரை யாருக்காக வைக்கிறோம் என்பதுதான் இரண்டு கட்சிக்கும் உள்ள வித்தியாசம். தனியாகச் சமாளிக்கப் பழகு என்பவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கலங்கல் நீரில் கூட்டாளி இரண்டு நொடியில் காணாமல் போவார். அதனால் நான் சொல்வது இது: கைவேலையைத் தனி ஆளாக இருப்பதாக நினைத்துப் பழகுங்கள், காற்றை இரண்டு பேருக்கு வையுங்கள்.

சரி, தாள் போதாது. வீட்டின் உள்கட்டான வளவுக்குள் போனோம். ஊருணியில் இறங்கிப் பழகலாமா என்று கேட்டான். குடிநீர் எடுக்கும் ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்றேன். முகப்பு வாசலிலிருந்து தேக்குத் தூண்களைச் சுற்றி இரண்டாம் கட்டு வரை சணல் கயிறு கட்டினோம். ஆத்தங்குடிக் கல் வழுக்கும், வெறுங்காலோடு நடங்கள். இருவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, விரல்களை வளையமாக்கிக் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். பின்னால் வருபவர் முன்னவரின் கையைப் பிடித்துக்கொள்வார். முன்னே தள்ளினால் போ, அழுத்திப் பிடித்தால் நில்.

முதலில், காற்று தீர்ந்தவனுக்கு ரெகுலேட்டரை (வாயில் வைத்து மூச்சு விடும் கருவி) கொடுப்பது போல, ஒரு மீட்டர் மூச்சுக் குழாயைப் பகிர்ந்துகொண்டு நடந்தோம். தூணுக்கும் சுவருக்கும் நடுவே தோளோடு தோள் சிக்கிக்கொண்டோம். பிறகு 2.1 மீட்டர் குழாய். காற்று இல்லாதவன் முன்னால், நான் பின்னால், ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டோம். நீளக் குழாய் எதற்கு என்று அதற்குப் பிறகு நான் விளக்கவே இல்லை. இன்னொன்றையும் செய்துபாருங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் “காற்று இல்லை” என்று சொல்லிக் கூட்டாளியைப் பிடுங்க விடுங்கள். நெஞ்சில் தொங்கிய மஞ்சள் ரெகுலேட்டரை விட்டுவிட்டு, என் வாயில் இருந்ததைத்தான் அவன் பிடுங்கினான். வாயில் இருப்பதையே கொடு, கழுத்தில் மாட்டியிருப்பதை நீ எடுத்துக்கொள் என்ற முறை இதை எதிர்பார்த்துத்தான் வந்தது.

இது எதுவும் பயிற்சிக்கு மாற்று இல்லை, பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கத்தான். பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் மூன்று கேளுங்கள்: குறைந்தபட்சக் காற்றை எப்படிக் கணக்கிடுகிறீர்கள், எந்தக் காரணத்துக்காக மாணவரைத் தேர்ச்சி இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள், உங்கள் முறைக்கு எதிரான முறையில் நல்லது என்ன? மூன்றாவது கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் கற்காதீர்கள்.

அக்கா மகன் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டான். ஒருவர் சிரித்துவிட்டு, வா, தண்ணீரில் பார்த்துக்கலாம் என்றாராம். இன்னொருவர் முக்கால் மணி நேரம் பேசினார். தனியாகப் பழகுகிறவர்கள் சிலிண்டர் வால்வை வேகமாக மூடுவதை ஒப்புக்கொண்டார். அவரிடம்தான் சேர்ந்திருக்கிறான். ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் காற்றுக் கணக்கை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் தாள் போன வாரம் வந்தது. கடைசி வரியில் 60 என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தான்.